ஸ்டேஷன் வாசல்ல நிக்கிற பசங்களுக்கும் சட்டம் இருக்கு சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல எங்க மாவட்ட பக்கத்துல பைக் திருட்டு கேஸ்ல 17 வயசு பையன் சிக்கினான்னு ஒரு செய்தி வந்துது. பையன் பேர் போடல, மூஞ்சிய மறைச்சுதான் போட்டோ போட்டிருந்தீங்க, அது வரைக்கும் சரி. ஆனா அப்பா பேரு, அவரு என்ன தொழில் பண்றாரு, எந்த தெரு, பையன் எந்த ஸ்கூல்ல பிளஸ் டூ படிக்கிறான், இத்தனையும் எழுதிட்டு மூஞ்சிய மட்டும் மறைச்சு என்ன சார் புண்ணியம்? அந்த தெருவுல அந்த ஸ்கூல்ல படிக்கிற பையன் எத்தனை பேரு இருக்கப் போறான், பேப்பர் வந்த அன்னிக்கு டீக்கடையிலயே எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. 2015-ல வந்த சிறார் நீதி சட்டத்துல 74-வது பிரிவுன்னு ஒன்னு இருக்கு. பேரு, முகவரி, ஸ்கூலு, போட்டோ, அடையாளம் தெரியற மாதிரி வேற எந்த விவரமும் பேப்பர்லயோ டிவிலயோ வரக்கூடாதுன்னு அதுல இருக்கு, மீறினா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா ரெண்டு லட்சம் வரைக்கும் ஃபைன், ரெண்டும் சேர்த்தும் போடலாம். குத்தம் பண்ணின பையனுக்கு மட்டும் இல்ல, பாதிக்கப்பட்ட குழந்தைக்கும் சாட்சி சொல்ற குழந்தைக்கும் இதேதான். உங்க நிருபரை மட்டும் குத்தம் சொல்லல சார், அவருக்கு அந்த விவரம் ஸ்டேஷன்ல இருந்து வாட்ஸப் குரூப்ல வந்திருக்கும், வந்ததை அப்படியே போட்டிருப்பாரு. அனுப்பினவங்களுக்கும் அதே சட்டம்தான். அதைப் பத்திதான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமா போகும், வெட்டி போடுறதுன்னா போடுங்க, ஆனா வயசு பத்தி சொல்ற இடத்தை மட்டும் வெட்டாதீங்க.

நான் வக்கீல் இல்ல. எங்க ஊர்ல கோர்ட்டும் போலீஸ் ஸ்டேஷனும் பக்கத்து பக்கத்துல இருக்கு, எதிர்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், மனு டைப் அடிச்சு குடுப்பேன், கோர்ட்டுக்கு பச்சை பேப்பர்ல பிரிண்ட் எடுத்து குடுப்பேன். புள்ளைங்கள போலீஸ் கூட்டிட்டு போன தாய் தகப்பன் முதல்ல வர்றது என் கடைக்குத்தான், வக்கீலுக்கு அப்புறமாத்தான் போவாங்க, ஏன்னா யாரை வக்கீலா வைக்கணும்னே என்கிட்டதான் கேப்பாங்க. கேட்டு கேட்டு, டைப் அடிச்சு அடிச்சு, இந்த சட்டம் எல்லாம் எனக்கு பழகிப் போச்சு. பழகின பிறகு தெரிஞ்ச விஷயம் என்னன்னா, சட்டத்துல குறை ரொம்ப கம்மி சார். ஸ்டேஷன் உள்ள போன முதல் சில மணி நேரத்துல என்ன நடக்குதோ அதுலதான் எல்லாமே கெட்டுப் போவுது. திருடினான்னு வர்ற பையனும் சரி, யாரோ தப்பா நடந்துக்கிட்டாங்கன்னு அழுதுகிட்டே வர்ற பொண்ணும் சரி, ரெண்டு பேரும் அந்த ஒரே வாசல் வழியாதான் உள்ள போறாங்க.

முதல்ல வயசு. ஒரு நாள் ராத்திரி கடைய சாத்தற நேரத்துல ஒரு அம்மா ஓடி வந்தாங்க, செங்கல் சூளையில வேலை பாக்குறவங்க, கையில கட்டைப்பை, அதுக்குள்ள ரேஷன் கார்டு, ஆதார், லேமினேட் பண்ணின டென்த் மார்க் ஷீட், மூணையும் கவுண்டர்ல பரப்பி வச்சுட்டு "அண்ணே எது வேணுமோ அதை எடுத்துக்கங்க, எம்புள்ள சின்னப் பையன்னு எழுதிக் குடுங்க" அப்படின்னாங்க. செல்போன் பறிச்ச கேஸுன்னு பையனை மத்தியானமே கூட்டிட்டு போயிருக்காங்க. மார்க் ஷீட் படி 18 ஆக இன்னும் அஞ்சு மாசம் பாக்கி. எல்லாத்தையும் ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தேன், ஸ்டேஷன்ல பாராவுல இருந்தவரு வாங்கவே இல்ல, "ரைட்டர் இல்ல, காலைல வாம்மா"ன்னு அனுப்பிட்டாரு. காலைல போனா எஃப்ஐஆர்ல சுமார் 19-ன்னு ஏறிடுச்சு. அந்த "சுமார்" ஒன்னு போதும் சார். அப்புறம் ரிமாண்ட், பெரியவங்களோட சப் ஜெயில், வக்கீல் மனு போட்டு மார்க் ஷீட்டை காட்டி அவனை 18 வயசுக்கு கீழ இருக்கிற பசங்க கேஸை பாக்குற இளைஞர் நீதிக் குழுமத்துக்கு மாத்தறதுக்குள்ள அந்தப் பையன் உள்ள யார் யாரு கூட பழகினானோ, அதை எந்த மனு போட்டு மாத்துறது?

வயசை எப்படி முடிவு பண்ணணும்னு அதே சிறார் நீதி சட்டத்து 94-வது பிரிவுல வரிசை போட்டே வச்சிருக்கான். முதல்ல ஸ்கூல் குடுக்குற பிறந்த தேதி சான்றிதழ் இல்லன்னா பத்தாவது சான்றிதழ், அது இல்லன்னா நகராட்சி பஞ்சாயத்து குடுக்குற பர்த் சர்ட்டிபிகேட், ரெண்டும் இல்லன்னாதான் எலும்பு பாக்குற டெஸ்ட். ஆதார் அந்த லிஸ்ட்லயே இல்ல, 2024 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டு ஒரு விபத்து இழப்பீட்டு கேஸ்லயும் ஆதார் பிறந்த தேதிக்கு ஆதாரம் இல்லன்னு சொல்லிடுச்சு. ஆனா ஸ்டேஷன்ல மொத வார்த்தையே "ஆதார் எடு"தான். நம்ம ஜனங்க ஆதார்ல பாதி பேருக்கு ஜனவரி 1 தான பிறந்த நாளு, அதை வச்சு ஒரு பையன் ஜெயிலுக்கா இல்லத்துக்கான்னு முடிவு பண்ணா எப்படி? இன்னொன்னும் ஜனங்களுக்கு தெரியணும், எல்லாரும் டிசி எடுத்துட்டு ஓடி வர்றாங்க, 2023 ஜூலைல தமிழ்நாட்டு போக்சோ கேஸ் (குழந்தைங்க மேல நடக்குற பாலியல் குத்தத்துக்கான சட்டம்) ஒன்னுலயே சுப்ரீம் கோர்ட்டு டிசியும் அட்மிஷன் ரெஜிஸ்டர் நகலும் 94-வது பிரிவு கேக்குற ஆவணம் இல்லன்னு சொல்லி அந்த போக்சோ தண்டனையையே ரத்து பண்ணிடுச்சு. அங்க பொண்ணோட வயசை சரியா நிரூபிக்கல. போலீஸ் அன்னிக்கே ஸ்கூலுக்கு ஒரு கடுதாசி போட்டு பிறந்த தேதி சான்றிதழ் வாங்கியிருந்தா முடிஞ்சிருக்க வேண்டிய விஷயம். ஆக வயசு பேப்பர் சரியில்லன்னா குத்தம் சாட்டப்பட்ட பையனுக்கும் நஷ்டம், பாதிக்கப்பட்ட பொண்ணுக்கும் நஷ்டம். 2025 ஜனவரில பாத்திருப்பீங்க, நம்ம ஈரோட்டுக்காரர் நீதிபதி எம்.எம்.சுந்தரேஷ் அமர்வு உத்தரகாண்ட் கேஸ் ஒன்னுல ஒருத்தரை விடுதலை பண்ணுச்சு, 1994-ல கொலை நடந்தப்போ அவருக்கு 14 வயசுதான்னு கடைசியில தெரிஞ்சுது. தூக்கு தண்டனை குடுத்து, அப்புறம் ஆயுளா மாத்தி, கிட்டத்தட்ட 25 வருஷம் உள்ள இருந்திருக்காரு. ஒவ்வொரு கோர்ட்டுலயும் நான் சின்னப் பையன்னு சொல்லியிருக்காரு, யாரும் ஸ்கூல் பேப்பரை ஒழுங்கா எடுத்துப் பாக்கல.

அடுத்து இந்த 24 மணி நேரம். பையனை பிடிச்சா 24 மணி நேரத்துக்குள்ள இளைஞர் நீதிக் குழுமம் முன்னாடி நிறுத்தணும், பயண நேரம் மட்டும் கழிச்சுக்கலாம், குழுமம் உக்காராத நாள்னா ஒரு உறுப்பினர் முன்னாடியாவது நிறுத்தணும். லாக்கப்ல ஒரு நிமிஷம் கூட போடக்கூடாது. விலங்கு மாட்டக்கூடாது. பிடிச்ச உடனே அப்பா அம்மாவுக்கும் நன்னடத்தை அலுவலருக்கும் சொல்லணும், இலவச சட்ட உதவிக்கும் சொல்லி விடணும். எந்த வாக்குமூலத்துலயும் அவன்கிட்ட கையெழுத்து வாங்கக்கூடாது. விசாரிக்கிற போலீஸ் மஃப்டியில இருக்கணும். இதெல்லாம் சட்டத்துலயும் மத்திய அரசு 2016-ல போட்ட மாடல் ரூல்ஸ்லயும் வெட்ட வெளிச்சமா எழுதியிருக்கு. நடைமுறையில என்ன ஆகுதுன்னா அந்த 24 மணி நேரம் எப்ப ஆரம்பிக்குதுன்னு தீர்மானிக்கிறது ரைட்டரோட பேனாதான். "சும்மா விசாரணைக்கு கூட்டிட்டு போறோம், காலைல விட்டுடுவோம்"னு சொல்லிதான் கூட்டிட்டு போவாங்க, ஒன்னு ரெண்டு நாள் போயிடும், அப்புறம் பஸ் ஸ்டாண்டு பக்கம் சந்தேகத்துக்கு இடமா நின்னவனை பிடிச்சோம்னு பேப்பர்ல ஏறும், அந்த நிமிஷத்துல இருந்துதான் மணி ஓடும். இடையில நடந்தது எதுவும் எந்த பேப்பர்லயும் இருக்காது. அந்தப் பையன் கூட சொல்ல மாட்டான், சொன்னா மறுபடி அதே ஸ்டேஷன் லிமிட்லதான அவன் வாழணும்.

எஃப்ஐஆர் விஷயமும் அப்படித்தான். குறைஞ்சபட்ச தண்டனையே ஏழு வருஷமோ அதுக்கு மேலயோ இருக்கிற கொடுங்குற்றமா இருந்தாலோ, பெரியவங்களோட சேந்து பண்ணியிருந்தாலோ தவிர பசங்க மேல எஃப்ஐஆரே போடக்கூடாதுன்னு அந்த 2016 மாடல் ரூல்ஸ் சொல்லுது. பொது நாட்குறிப்புல எழுதிட்டு, பையனோட வீடு எப்படி, படிப்பு எப்படி, அப்பா குடிக்கிறாரான்னு ஒரு சமூகப் பின்னணி அறிக்கை தயார் பண்ணி குழுமத்துக்கு அனுப்பினா போதும். சைக்கிள் திருட்டு, காயலான் கடைக்கு இரும்பு தூக்கினது, கோயில் திருவிழா அடிதடி, எல்லாம் இந்த கணக்குல வந்துடும். ஆனா ஒரு கேஸ்ல மூணு பசங்க இருந்தா நாலாவதா ஒரு 20 வயசுக்காரன் பேரு எங்கிருந்தோ வந்து சேந்துக்கும், அவன் வந்துட்டா எஃப்ஐஆர் போட்டுக்கலாம் பாருங்க. எல்லா கேஸும் அப்படின்னு சொல்லல, நான் டைப் அடிச்ச மனுக்கள்ல இந்தப் புகார் அடிக்கடி வரும்.

2022 டிசம்பர் கடைசியில செங்கல்பட்டு அரசு சிறப்பு இல்லத்துல நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. தாம்பரத்து பையன், 17 வயசு, ரயில்வே பேட்டரி திருடினான்னு ரயில்வே போலீஸ் பிடிச்சு, 29-ம் தேதி இல்லத்துக்கு அனுப்பி, 31-ம் தேதி செத்துப் போயிட்டான். உடம்பு பூரா அடிபட்ட காயம். இல்லத்து ஊழியர்கள் ஆறு பேர் கைதானாங்க, அதுக்கப்புறம் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில ஒரு நபர் குழு போட்டு, 2023 நவம்பர்ல அறிக்கையும் குடுத்தாரு. எனக்கு இதுல உறுத்துற கேள்வி ஒன்னுதான். ஒரு பேட்டரி கேஸுக்கு அந்தப் பையனை எதுக்கு இல்லத்துக்கு அனுப்பணும்? ஜாமீன்ல விடக்கூடிய குத்தமா இல்லையான்னெல்லாம் பாக்காம ஜாமீன்ல விடணும்னுதான சிறார் நீதி சட்டத்து 12-வது பிரிவு சொல்லுது, விட்டா கெட்ட சகவாசத்துல சேந்துடுவான், அவனுக்கே ஆபத்து, நியாயம் கெட்டுப் போயிடும்னு காரணம் எழுதினாதான் மறுக்க முடியும். அன்னிக்கே அம்மா கூட அனுப்பியிருந்தா அந்தப் புள்ள இருந்திருப்பான்.

இதே 12-வது பிரிவுதான் 2024 மே மாசம் புனேவுல வேலை செஞ்சுது, அங்க எவ்வளவு வேகமா வேலை செஞ்சுது பாருங்க. போர்ஷே கார்ல ரெண்டு ஐடி இன்ஜினியர்களை அடிச்சுக் கொன்ன 17 வயசு பையன், பணக்கார வீட்டுப் புள்ள, அன்னிக்கே ஜாமீன், 300 வார்த்தையில கட்டுரை எழுதுன்னு நிபந்தனை. ரத்த சாம்பிளை மாத்தினாங்கன்னு டாக்டருங்களே கைதானாங்க. ஊரே கொதிச்சுது, சட்டத்தை கிழிச்சுப் போடுன்னாங்க. ரத்தத்தை மாத்தினது அயோக்கியத்தனம், அதுல மாத்துக் கருத்தே இல்ல. ஆனா சட்டத்தை கிழிச்சா கிழியறது புனே பையனுக்கு இல்ல சார், தாம்பரத்து பையனுக்குத்தான்.

இப்ப அந்தப் பக்கம், பாதிக்கப்பட்ட குழந்தைங்க விஷயத்துக்கு வர்றேன். 2012 நவம்பர் 14-ல இருந்து போக்சோ சட்டம் நடைமுறையில இருக்கு. 24-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா குழந்தையோட வாக்குமூலத்தை குழந்தை வீட்டுலயோ, இல்ல அது எங்க சொல்லணும்னு விரும்புதோ அங்க போயி எழுதணும், முடிஞ்ச வரைக்கும் எஸ்ஐ ரேங்குக்கு குறையாத பெண் போலீஸ் எழுதணும், யூனிஃபார்ம் போடக்கூடாது, குத்தவாளி கண்ணுல குழந்தை படவே கூடாது, ராத்திரி நேரத்துல எந்த காரணத்துக்காகவும் ஸ்டேஷன்ல வச்சிருக்கக்கூடாது. அப்பா அம்மா இல்லன்னா குழந்தை நம்புற ஒரு ஆளு கூட இருக்கணும். அதாவது போலீஸ்தான் குழந்தைகிட்ட போகணும். இங்க குழந்தைதான் போலீஸ்கிட்ட போகுது. நானே பாத்திருக்கேன், ஸ்கூல் யூனிஃபார்மோட ஒரு பொண்ணு, ஆறாவதோ ஏழாவதோ இருக்கும், மகளிர் ஸ்டேஷன் வராண்டா பெஞ்சில காலைல உக்காந்தது சாயங்காலம் வரைக்கும் அங்கயே, கையில பிரிக்காத பிஸ்கட் பாக்கெட்டு. எதிர் டீக்கடையில அந்த ஆளோட சொந்தக்காரங்க நாலஞ்சு பேரு நின்னுகிட்டு உள்ளயே பாத்துகிட்டு இருந்தாங்க. அந்த அப்பா என்கிட்ட வந்து "கேஸ் வேணாம்னு எழுதிக் குடுத்தா விட்டுடுவாங்களா அண்ணே"ன்னு கேட்டாரு. அவரை யாரும் அடிக்கல, மிரட்டல, அந்த பெஞ்சே போதுமா இருந்துது.

அந்தப் பொண்ணு அதே கதைய எத்தனை பேர்கிட்ட சொல்லணும்னு எண்ணிப் பாருங்க. முதல்ல அம்மாகிட்ட, அப்புறம் பாராவுல இருக்கிறவங்க "என்னம்மா ஆச்சு"ன்னு சும்மா கேப்பாங்க, அப்புறம் ரைட்டர், எஸ்ஐ, இன்ஸ்பெக்டர், குழந்தைகள் நலக் குழு, ஆஸ்பத்திரில டாக்டர், மாஜிஸ்திரேட், அப்புறம் கோர்ட்டு. திரும்பத் திரும்ப கோர்ட்டுக்கு கூப்பிடாதேன்னு 33-வது பிரிவு சொல்லுது, எதிர்த்தரப்பு வக்கீல் நேரடியா குழந்தைய குடையக்கூடாது, கேள்விய நீதிபதிகிட்ட குடுத்து நீதிபதிதான் கேக்கணும். கோர்ட்டுல இவ்வளவு காப்பு இருக்கு, அதுக்கு முன்னாடி இருக்கிற படிகள்ல எதுவும் இல்ல. கொஞ்சம் கொஞ்சமா வார்த்தை மாறிடும், ஒரு இடத்துல செவ்வாய்க்கிழமைன்னு சொன்னது இன்னொரு இடத்துல புதன்கிழமைன்னு ஆயிடும், அதை வச்சே கேஸு உடையும். ஆடியோ வீடியோவுல பதிவு பண்ணலாம்னு சட்டம் இடம் குடுக்குது, பண்ணினா பாதி பிரச்சினை தீரும். ஆனா அந்தப் பதிவு வெளிய போகாதுன்னு யாரு உத்தரவாதம் குடுக்குறது, 2024 டிசம்பர்ல அண்ணா பல்கலைக்கழக மாணவி கேஸ்ல எஃப்ஐஆரே இணையத்துல கசிஞ்சு ஹைகோர்ட்டு 25 லட்சம் இழப்பீடு குடுக்க சொன்னதை பாத்தோமே.

அண்ணாநகர் கேஸை சொல்லாம இருக்க முடியாது. 2024-ல 10 வயசு குழந்தை, புகார் குடுக்கப் போன பெத்தவங்களையே மகளிர் ஸ்டேஷன்ல அடிச்சாங்கன்னு குற்றச்சாட்டு, மெட்ராஸ் ஹைகோர்ட்டு தானா கையில எடுத்து சிபிஐக்கு மாத்துச்சு, சுப்ரீம் கோர்ட்டு அதை நிறுத்தி சிறப்பு புலனாய்வுக் குழு போட்டுது, 2025 ஜனவரில அந்த ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரும் ஒரு கட்சிக்காரரும் கைதானாங்க. அந்தக் கேஸு கோர்ட்டுல இருக்கு, யாரு குத்தவாளின்னு நான் சொல்ல வரல. 1992-ல ஆயிரம் விளக்குல முதல் மகளிர் காவல் நிலையம் திறந்தப்போ பொண்ணுங்க பயமில்லாம போற இடம் வேணும்னுதான திறந்தாங்க, அதே மாதிரி ஒரு ஸ்டேஷன் மேலயே இப்படி ஒரு புகார் வந்தா கிராமத்துல இருக்கிறவங்க எந்த தைரியத்துல படி ஏறுவாங்க?

ஸ்கூல்காரங்களும் இதுல சளைச்சவங்க இல்ல. கிருஷ்ணகிரி மாவட்டத்துல 2024 ஆகஸ்ட்ல போலி என்சிசி முகாம்னு நடத்தி பொண்ணுங்களை சீரழிச்ச விஷயத்துல, தெரிஞ்சும் மறைச்சாங்கன்னு ஸ்கூல் பிரின்சிபால் வரைக்கும் கைதானாங்க. போக்சோவுல தகவல் தெரிஞ்சவங்க யாரா இருந்தாலும் சொல்லியே ஆகணும், சொல்லலன்னா ஆறு மாசம் வரைக்கும், நிறுவனத்து பொறுப்பாளர்னா ஒரு வருஷம் வரைக்கும் உள்ள. "பள்ளி பேரு கெட்டுடும்"னு பேசி முடிக்கிற ஹெச்எம்மு யாரும் இதை படிச்ச மாதிரி தெரியல.

ரெண்டு பக்கமும் ஒன்னா முட்டிக்கிற இடம் ஒன்னு இருக்கு, காதல் கேஸு. பொண்ணுக்கு 17, பையனுக்கு 17, ரெண்டும் ஓடிப் போயிடுச்சுங்க, பொண்ணு வீட்டுல கடத்தல்னு மனு குடுப்பாங்க, ரெண்டே நாள்ல திருப்பூர்லயோ பெங்களூர்லயோ பிடிச்சு கூட்டிட்டு வருவாங்க, பையன் போக்சோவுல கூர்நோக்கு இல்லத்துக்கு, பொண்ணு "வீட்டுக்கு போக மாட்டேன்"னு சொன்னா அதுவும் ஒரு காப்பகத்துக்கு. சாதி வேற வேறயா இருந்தா இது இன்னும் வேகமா நடக்கும், அதை நான் விளக்கணுமா என்ன. மெட்ராஸ் ஹைகோர்ட்டுல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜனவரிலயே வயசுப் பசங்க காதலை தண்டிக்க போக்சோ வரலைன்னு தீர்ப்புல எழுதினாரு. 2022 டிசம்பர்ல அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு, இந்த மாதிரி கேஸ்ல அவசரப்பட்டு கைது பண்ணாதீங்க, எஸ்பி அனுமதி வாங்குங்கன்னு சுற்றறிக்கையே விட்டாரு. அது எல்லா ஸ்டேஷன்லயும் இருக்கும், ஃபைல்ல.

இதை எல்லாம் சொன்னா சில பேரு கேப்பாங்க, அரிவாள் எடுக்குற பசங்களுக்கு எதுக்கு இத்தனை சலுகைன்னு. நாங்குநேரில 2023 ஆகஸ்ட்ல கூடப் படிக்கிற பையனை வீடு புகுந்து வெட்டினதும் பசங்கதான், தடுக்க வந்த தங்கச்சியையும் வெட்டினாங்க, சாதி வெறில. எனக்கும் அன்னிக்கு வயிறு எரிஞ்சுது, அவனுங்களை சும்மா விடுங்கன்னு யாரு சொன்னா? 16 வயசுக்கு மேல இருந்து கொடுங்குற்றம் பண்ணினா சிறார் நீதி சட்டத்து 15-வது பிரிவுல குழுமம் ஆராஞ்சு பெரியவங்க மாதிரி விசாரிக்க கோர்ட்டுக்கே அனுப்பலாம். அதை கேஸு கேஸா பாத்து முடிவு பண்ண வேண்டியது குழுமம். சூளைக்காரம்மா பையனுக்கு ரைட்டரே முடிவு பண்ணிட்டாரு பாருங்க, என் கோபம் அங்கதான். சட்டத்தை மதிக்காத ஸ்டேஷன்ல தப்பு பண்ணாத பையனும் அதே உதைய வாங்கிட்டுதான் வெளிய வர்றான்.

போலீஸ்காரங்க பக்கமும் நியாயம் இருக்கு, நான் தினம் பாக்குறவன், எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் ஏஎஸ்ஐக்கு குறையாத ஒருத்தரை குழந்தைகள் நல காவல் அலுவலரா போடணும்னு சிறார் நீதி சட்டத்து 107-வது பிரிவு சொல்லுது, மாவட்டத்துக்கு டிஎஸ்பி தலைமையில சிறப்பு சிறார் காவல் பிரிவு, அதுல ரெண்டு சமூகப் பணியாளர், ஒருத்தர் பெண்ணா இருக்கணும். போட்டிருக்காங்க, இல்லன்னு சொல்லல. ஆனா அவரு அதே நாள்ல அமைச்சர் வருகை பந்தோபஸ்துக்கும் போகணும், சம்மனும் குடுக்கணும், ஹெல்மெட் கேஸும் பிடிக்கணும், இதுக்கு நடுவுல குழந்தைகிட்ட மஃப்டியில போயி மெதுவா பேசுன்னா எப்ப பேசுவாரு? எங்க ஸ்டேஷன்ல குழந்தைகளுக்குன்னு ஒரு ரூம் ஒதுக்கி செவுத்துல சோட்டா பீம் எல்லாம் வரைஞ்சு திறப்பு விழா நடத்தினாங்க. இப்ப அதுல பறிமுதல் பண்ணின டிவிஎஸ் ஃபிஃப்டியும் கால் உடைஞ்ச சேரும் கிடக்கு.

அதே ஸ்டேஷனுக்கு கொஞ்ச காலம் ஒரு எஸ்ஐ மேடம் வந்திருந்தாங்க. போக்சோ புகார்னு வந்தா சுடிதார் போட்டுகிட்டு, ஜீப் எடுக்காம ஸ்கூட்டியில அந்தப் பொண்ணு வீட்டுக்கே போயிடுவாங்க, ஜீப் போனா தெருவே வாசல்ல வந்து நிக்கும்னு. எழுதி முடிச்சு என் கடையில பிரிண்ட் எடுக்கறப்போ கூட நான் ஸ்க்ரீனை பாக்கக்கூடாதுன்னு அவங்களே பென் டிரைவை போட்டு அவங்களே பிரிண்ட் குடுத்து, டெஸ்க்டாப்ல ஏறின காப்பியை டெலீட் பண்ணி, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிட்டுதான் எந்திரிப்பாங்க. அவங்களுக்கும் ஆள் பத்தாக்குறைதான், அதே சம்பளம்தான். வருஷம் முடியறதுக்குள்ள டிரான்ஸ்ஃபர். அவங்க எழுதின கேஸு எல்லாம் கோர்ட்டுல எப்படி நிக்குதுன்னு வக்கீலுங்க இன்னும் பேசிக்கிறாங்க.

ஜனங்களுக்கும் ரெண்டு வார்த்தை. புள்ளைய கூட்டிட்டு போனாங்கன்னா உடனே போன நேரத்தை எழுதி வையுங்க, முடிஞ்சா குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஒரு போன் போட்டு சொல்லிடுங்க, அந்த அழைப்பு நேரம் உங்க செல்லுல பதிவா இருக்கும், பின்னாடி ரைட்டர் என்ன நேரம் எழுதினாலும் கேள்வி கேக்கலாம். டென்த் மார்க் ஷீட்டோட போட்டோ செல்லுல எப்பவும் இருக்கட்டும். புள்ளைய வெத்துப் பேப்பர்ல மட்டும் இல்ல, எழுதின பேப்பர்லயும் கையெழுத்து போட விடாதீங்க. போக்சோ புகார்னா குழந்தைகள் நலக் குழு மூலமா ஒரு ஆதரவு நபர் குடுக்கணும், விசாரணை முடியற வரைக்கும் அவங்க கூடவே வருவாங்க, இடைக்கால இழப்பீடும் கேக்கலாம். 24 மணி நேரத்துல குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் போலீஸ் தகவல் சொல்லணும், சொல்லிட்டாங்களான்னு கேளுங்க. ரெண்டு மாசத்துல புலனாய்வு முடியணும். இதெல்லாம் யாரும் கூப்பிட்டு சொல்ல மாட்டாங்க, நாமதான் கேக்கணும்.

அரசாங்கத்துக்கு நான் பெருசா ஒன்னும் கேக்கல. ஒவ்வொரு ஸ்டேஷன் வாசல்லயும் பாராக்காரர் தலைக்கு மேல, இந்த ஸ்டேஷனோட குழந்தைகள் நல காவல் அலுவலர் இன்னார், செல் நம்பர் இது, இளைஞர் நீதிக் குழுமம் உக்காருற நாள் இது, இலவச வக்கீலுக்கு இந்த நம்பர்னு தமிழ்ல பெருசா ஒரு போர்டு வையுங்க. அந்த அலுவலருக்கு பந்தோபஸ்து டியூட்டி போடாதீங்க. பசங்களை கூட்டிட்டு வந்த நேரத்தை வாசல் சிசிடிவியோட ஒத்துப் பாக்க மாவட்ட நீதிபதியோ குழுமமோ மாசம் ஒரு தடவை திடீர்னு வரட்டும், கேமரா எல்லா ஸ்டேஷன்லயும் இருக்கணும்னு சுப்ரீம் கோர்ட்டு 2020-லயே உத்தரவு போட்டாச்சு.

உங்களுக்கும் ஒரு வேலை சொல்றேன் சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மாவட்ட நிருபர்கள் தினம் ஸ்டேஷனுக்கு செய்தி எடுக்கப் போறவங்கதான், போறப்போ அந்தந்த ஸ்டேஷன்ல குழந்தைகள் நல காவல் அலுவலர் யாருன்னு ஒரு கேள்வி கேட்டுப் பாக்க சொல்லுங்க, எத்தனை ஸ்டேஷன்ல உடனே பேரு சொல்றாங்க, எத்தனை இடத்துல "இருங்க ரைட்டரை கேட்டு சொல்றேன்"னு சொல்றாங்கன்னு ஸ்டேஷன் பேரோட ஒரு அட்டவணையா போடுங்க.

என் பேரும் ஊரும் போட வேணாம், நாளைக்கும் இங்கதான் கடைய திறக்கணும்.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர்,
விழுப்புரம் மாவட்டம்.